இரண்டாம் பாகத்தில் தொடங்கியவன்

செப்டம்பர் 20, வெள்ளி, பர்மிங்காம்

விமானத்தில் 23 கிலோதான் அனுமதி. வீட்டில் பெட்டியை எடை போட்டால் 26 காட்டியது. அக்காவுக்காக அம்மா கட்டிக் கொடுத்த கருப்பட்டியில் கை வைக்க முடியாது. வடகம், முறுக்கு, மாவடு எதிலும் முடியாது. “அந்தப் புஸ்தகத்த எடுத்து வெளிய வையி” என்றாள் அம்மா. அந்தப் புத்தகத்துக்காகத்தான் இந்தப் பயணமே என்று அவளிடம் சொல்ல முடியுமா? மூன்று பாகங்களையும் தோள்பையில் போட்டுக்கொண்டேன். நல்லவேளை, தோள்பையை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைக் கடைசியாக முழுதாய் வாசித்து இருபது வருடம் இருக்கும். இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறேன். ஆசிரியர் டோல்கீன் சிறுவனாக இருந்த பர்மிங்காமில் முதல் பாகம், அவர் எழுதிய ஆக்ஸ்ஃபோர்டில் மற்றவை என்று திட்டம். (பல வருடம் ‘டோல்கியன்’ என்றுதான் சொல்லிவந்தேன். அவர் குடும்பத்தில் கடைசி அசையை ‘கீன்’ என்று நீட்டித்தான் சொல்வார்களாம்.) ஐந்து நாளில் ஆயிரம் பக்கம் முடியாது என்று தெரியும். அதனால் சென்னையிலேயே தொடங்கிவிட்டேன். விமானத்தில் மோரியா சுரங்கம் வரைக்கும் வந்தாயிற்று.

இந்த நாவலை நான் முதலில் படித்த விதம் கொஞ்சம் கோணல். 1998, பிளஸ் டூ முடித்த கோடை விடுமுறை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு தட்டுதான். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போன புத்தகங்கள். அதில் ‘தி டூ டவர்ஸ்’ இருந்தது. இரண்டு கோபுரம் என்றதும் கோட்டை கொத்தளம் உள்ள சரித்திரக் கதை என்று நினைத்து எடுத்தேன். இது இரண்டாம் பாகம் என்று உள்ளே எங்கேயோ போட்டிருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

முதல் பக்கத்திலேயே ஒருவன் காலடித் தடம் தேடி மலையேறுகிறான். எங்கோ கொம்பு ஊதும் சத்தம். இறங்கி ஓடிவந்தால் மரத்தடியில் இன்னொருவன் சாய்ந்து கிடக்கிறான், உடம்பெல்லாம் அம்பு. ஃப்ரோடோவிடமிருந்து மோதிரத்தைப் பறிக்கப் பார்த்ததாகவும் அதற்கு விலை கொடுத்துவிட்டதாகவும் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். ஃப்ரோடோ யார், மோதிரம் என்ன, செத்தவன் நல்லவனா கெட்டவனா, ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது.

செத்துப்போன அந்தப் போரமிர் எல்லாருக்கும் சந்தேகத்தோடு அறிமுகமாகிற ஆள். எனக்குத் துக்கத்தோடு அறிமுகமானான். சில மாதம் கழித்துச் சென்னையில் கல்லூரியில் சேர்ந்து, திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் முதல் பாகம் கிடைத்தபோது அவன் வருகிற இடமெல்லாம் எனக்கு இழவு வீட்டுப் புகைப்படத்தைப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது. அவன் மோதிரத்தின் மேல் கண் வைக்கும் இடத்தில்கூடக் கோபம் வரவில்லை. இன்று விமானத்தில் படிக்கும்போதும் வரவில்லை. வேறு எந்த வாசகனிடமும் இல்லாத ஒரு போரமிர் என்னிடம் இருக்கிறான் என்று கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

‘தி டூ டவர்ஸ்’ முடிகிற இடம் அதைவிட மோசம். ஃப்ரோடோ எதிரிகள் கையில், உயிரோடு. வெளியே மூடிய கதவின் முன்னால் அவன் தோழன் சாம் தனியாக. அதோடு புத்தகம் தீர்ந்துபோனது. மூன்றாம் பாகம் கைக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. பின்னால்தான் தெரிந்தது, முதன்முதலில் படித்த ஆங்கிலேயர்களின் நிலைமை என்னைவிடப் பரிதாபம் என்று. இரண்டாம் பாகம் வந்தது 1954 நவம்பரில். மூன்றாவது வந்தது 1955 அக்டோபரில். பின்னிணைப்புகளை எழுதி முடிக்க டோல்கீன் இழுத்தடித்ததுதான் காரணம். பதினோரு மாதம் சாமைக் கதவின் முன்னால் நிற்க வைத்துவிட்டு, அந்த மனிதர் கதையில் வரும் எல்ஃப் என்ற சாகாத குலத்தாரின் எழுத்துமுறைக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்றாம் பாகத்தை எனக்குக் கொடுத்தது ஒரு நண்பனின் அண்ணன். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த அண்ணன் இதைப் படித்தால் மன்னிக்கவும், இப்போது அது பர்மிங்காமில் இருக்கிறது.

செப்டம்பர் 21, சனி, ஹால் க்ரீன்

அக்காவும் அத்தானும் ஹால் க்ரீனில் வீடு வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. டோல்கீனின் ஆலை எங்கே என்று நேற்று ராத்திரி கேட்டேன்.

“எந்த ஆலை? சேர்ஹோல் மில்லா? அது இங்கனதாம்ல இருக்கு. பிள்ளையள ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாவ. நான்தான் போகல.”

நடந்தே போனோம். அக்கா, அவள் இளைய மகள், நான். சின்னவளுக்குப் பத்து வயது. இப்போதுதான் ‘தி ஹாபிட்’ படிக்கத் தொடங்கியிருக்கிறாள். நான் வருகிறேன் என்பதற்காகப் படிக்கிறாள் என்று அக்கா சொன்னாள். இல்லை, பள்ளியில் படிக்கச் சொன்னார்கள் என்று சின்னவள் திருத்தினாள்.

செங்கல் கட்டடம், ஒரு புகைபோக்கி, தண்ணீர்ச் சக்கரம், பின்னால் குளம். எதிரே சாலையில் கார்கள் ஓயாமல் போகின்றன. நான் எதிர்பார்த்ததைவிடக் குளம் சின்னது. எங்கள் ஊரில் இதைக் குளம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், குட்டை என்பார்கள். வாத்து இருக்கிறது.

1892-இல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டெய்னில் பிறந்த பையன். மூன்று வயதில் அம்மாவோடும் தம்பியோடும் இங்கிலாந்து வந்தான். பின்னால் வருவதாகச் சொன்ன அப்பா 1896 தொடக்கத்தில் அங்கேயே இறந்துபோனார். கையில் பணமில்லாத அம்மா இரண்டு பிள்ளைகளோடு அந்த வருடமே இந்தக் கிராமத்துக்குக் குடி வந்தார். 1900 வரை நாலு வருடம்தான் இருந்தார்கள். ஆலைக்காரரின் மகன் மேலெல்லாம் வெள்ளைத் தூளோடு நிற்பானாம், அண்ணனும் தம்பியும் அவனுக்கு ‘வெள்ளைப் பூதம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காளான் பறித்ததற்காகத் துரத்திய விவசாயி ‘கருப்புப் பூதம்’. அவர் கதையின் குள்ள மனிதர்களான ஹாபிட்டுகளுக்குக் காளான் மேல் இருக்கும் வெறியும், ஃப்ரோடோ சிறுவயதில் காளான் திருடி மாட்டிக்கொண்ட கதையும் எங்கிருந்து வந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆலையை அவர் மறக்கவே இல்லை. நாவலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், பாழடைந்து கிடந்த ஆலையின் படத்தைப் பத்திரிகையில் பார்த்ததைச் சொல்கிறார். பத்து வயதுக்குள் தன் சிறுவயது நாட்டுப்புறம் அழிக்கப்பட்டுவிட்டது என்றும், நாவலின் கடைசியில் வரும் அழிவுக்குப் பின்னால் இருப்பது அந்தப் பழைய வலிதான், சமீபத்திய அரசியல் இல்லை என்றும் அதே முன்னுரையில் வாதாடுகிறார். நான் மூன்று முறை படித்த காலத்தில் இந்த முன்னுரையை ஒரு முறைகூடப் படித்ததில்லை. முன்னுரையை யார் படிப்பார்கள்? 1969-இல் ஆலையைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அதற்கு அவரும் பணம் கொடுத்திருக்கிறார்.

முன்னுரை மட்டும் இல்லை, அந்தக் கடைசிப் பகுதியையும் பதினேழு வயதில் நான் தாண்டித்தான் போனேன். அழிக்க வேண்டிய மோதிரம் எரிமலையில் விழுந்தாயிற்று. அதற்கு மேலும் ஆறு அத்தியாயம் இருந்தது. கல்யாணம் முடிந்து, சாப்பாடு முடிந்து, தாம்பூலமும் வாங்கிய பிறகு கிளம்ப விடாமல் உட்கார வைத்தது மாதிரி இருந்தது எனக்கு. அந்த ஆறில் ஐந்தாவதில் நாலு ஹாபிட்டுகளும் ஊர் திரும்புகிறார்கள். ஊர் மாறிவிட்டது. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். பழைய ஆலையை இடித்துவிட்டுப் பெரிதாய் ஒன்றைக் கட்டி ஆற்றை நாறடித்திருக்கிறார்கள். உலகத்தையே காப்பாற்றிவிட்டு வந்தவர்கள் சொந்தத் தெருவில் இறங்கி அடிதடி போட வேண்டியிருக்கிறது. திரைப்படத்தில் இந்த அத்தியாயத்தை நீக்கியே விட்டார்கள். அப்போது நான் வருத்தப்படவில்லை. நல்ல காரியம் என்றுகூட நினைத்தேன்.

குளக்கரையில் நின்று அக்காவிடம் இன்னொரு விஷயம் சொன்னேன். டோல்கீன் 1933-இல் தன் பிள்ளைகளைக் காரில் இந்தப் பக்கம் கூட்டிவந்தார். அன்றைய நாட்குறிப்பில் ஹால் க்ரீனைப் பற்றி ஒரே புலம்பல். டிராம் ஓடுகிற, அர்த்தமே இல்லாத பெரிய புறநகராகிவிட்டதாம்.

“ஹால் க்ரீனா? எங்க ஏரியாவையா சொன்னாரு?” என்றாள் அக்கா. “அர்த்தமில்லையா? மாசாமாசம் லோன் கட்டுத எனக்குல்ல தெரியும் அர்த்தம்.”

அப்புறம் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு இதே பேச்சுதான். டோல்கீன் குடியிருந்த வீதிக்கு என்ன வாடகை இருந்திருக்கும், அவர் அம்மா தனியாக எப்படிச் சமாளித்தார், உறவுக்காரர்கள் கைவிட்டது எதனால் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கணவர் இறந்து நாலு வருடத்தில் அந்த அம்மா, மேபல், கத்தோலிக்கராக மாறினார், அதில் வீட்டுக்காரர்களுக்குக் கோபம், பண உதவி நின்றுபோனது. 1904-இல் நீரிழிவில் இறந்துபோனார். அப்போது இன்சுலின் இல்லை. அக்கா செவிலியர். “முப்பத்துநாலு வயசுல” என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் நடந்தாள். பூதமும் மோதிரமும் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. இதுதான் ஒட்டியது.

சாயங்காலம் நான் மட்டும் மோஸ்லி சதுப்புக் காட்டுக்குப் போனேன். ஆலையிலிருந்து கொஞ்ச தூரம்தான். அண்ணனும் தம்பியும் இங்கெல்லாம் விளையாடினார்கள் என்கிறார்கள். நாவலின் பழைய காட்டுக்கு இதுதான் மூலம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். மரப்பலகைப் பாதையில் நடக்க வேண்டும். கீழே கருத்த சேறு, மேலே கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. ஐந்து மணிக்கே இருட்டு.

எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு ஓக் மரமும் பீச் மரமும் எப்படித் தெரியும்? ‘தி டூ டவர்ஸ்’ படித்தபோது நடக்கும் மரமான ட்ரீபியர்டை நான் ஆலமரமாகத்தான் நினைத்துக்கொண்டேன். தாடி என்று ஆசிரியர் எழுதியதெல்லாம் எனக்கு விழுது. பிணங்கள் மிதக்கும் சதுப்பு, ஐப்பசி மழையில் நிரம்பிய எங்கள் குளத்தின் மறுகால் பக்கம். ஹாபிட்டுகளின் ஊரான ஷயர் என்றால் தாமிரபரணிக் கரை வாழைத்தோட்டம். 2002-இல் படம் வந்து ஆலமரத்தை அடியோடு பிடுங்கிவிட்டது. நேற்று விமானத்தில் கண்ணை மூடி அதைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். சினிமா மரம்தான் முதலில் வந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் அதன் பின்னால் ஒரு விழுது தெரிந்தது. இன்று சதுப்புக் காட்டில் நிஜமான ஆங்கில மரங்களுக்கு நடுவே நின்றபோது இரண்டுமே வரவில்லை. செருப்புதான் சேற்றில் மாட்டிக்கொண்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு, ரயில் நிலையத்தில்

இன்று ‘தி ஹாபிட்’ நாயகன் பில்போவுக்கும் ஃப்ரோடோவுக்கும் பிறந்தநாள். காலையில் இதைச் சொன்னதும் சின்னவள் தோசையை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ராத்திரி புதிர் அத்தியாயம் முடித்திருக்கிறாள். மலைக்கடியில் இருட்டுக் குளத்தில் பில்போவும், மோதிரத்தை வைத்திருந்த கொல்லமும் புதிர் போடுகிற அத்தியாயம். (தமிழில் எழுதினால் இவன் பெயர் ஊர்ப்பெயர் ஆகிவிடுகிறது. என்ன செய்ய?)

அவளுக்கு ஒரு ரகசியம் சொன்னேன். 1937-இல் முதலில் வந்த புத்தகத்தில் இந்த அத்தியாயம் இப்படி இல்லை. அதில் கொல்லம் நாணயமான ஆள். பந்தயத்தில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகவே தருவதாக ஒப்புக்கொள்கிறான். தேடிப் பார்த்தால் மோதிரம் காணோம். மன்னிப்புக் கேட்டு, அதற்குப் பதிலாக வெளியே போகும் வழியைக் காட்டி அனுப்பிவைக்கிறான். பிறகு பெரிய நாவலை எழுதும்போது மோதிரம் பொல்லாத பொருளாகிவிட்டது. அப்படிப்பட்ட மோதிரத்தை எவனாவது பரிசாகக் கொடுப்பானா? அதனால் டோல்கீன் அத்தியாயத்தை மாற்றி எழுதிப் பதிப்பகத்துக்கு மாதிரிக்காக அனுப்பினார். அவர்கள் சத்தமில்லாமல் 1951 பதிப்பில் சேர்த்தே விட்டார்கள்.

சின்னவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்போ மொதல்ல பில்போ பொய் சொல்லியிருக்கான், மாமா. திருடிட்டு, கிஃப்ட்டுன்னு சொல்லியிருக்கான்.”

நான் வாயடைத்துப்போனேன். டோல்கீன் கண்டுபிடித்த சமாளிப்பு இதேதான். முதலில் வந்தது பில்போ நண்பர்களிடம் அவிழ்த்துவிட்ட பொய்க்கதை, அவன் பொய் சொன்னதே மோதிரத்தின் வேலை என்று பெரிய நாவலில் எழுதிவைத்தார். அதற்கு அவருக்கு வருடங்கள் பிடித்தன. இவளுக்கு அரை தோசை ஆறுகிற நேரம்.

‘தி ஹாபிட்’ கையெழுத்துப் பிரதியைப் படித்து அறிக்கை கொடுத்ததும் பத்து வயதுப் பையன்தான். பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினின் மகன் ரேனர். கூலி ஒரு ஷில்லிங். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதினான், பத்து வயதுப் பெரிய மனிதன் அல்லவா. இதையும் சொன்னேன். “எனக்கு எவ்ளோ தருவீங்க?” என்று கேட்டாள். ஐந்து பவுண்டு போயிற்று.

மழையில் எட்ஜ்பாஸ்டனுக்குப் போய் இரண்டு கோபுரங்களைப் பார்த்தேன். ஒன்று 1758-இல் கட்டிய பெரட்ஸ் ஃபாலி, இன்னொன்று நீரேற்று நிலையத்தின் செங்கல் கோபுரம். சிறுவன் டோல்கீன் இந்தப் பக்கம் குடியிருந்தவன், ஆகவே இவைதான் அந்த இரண்டு கோபுரங்கள் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த இரண்டு கோபுரம் என்பதில் டோல்கீனுக்கே குழப்பம், கடிதத்துக்குக் கடிதம் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தத் தலைப்பை நம்பி உள்ளே விழுந்தவன் என்ற முறையில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஆக்ஸ்ஃபோர்டு ரயில் வரவில்லை. முதலில் இருபது நிமிடம் தாமதம் என்றார்கள், அப்புறம் நாற்பது, அப்புறம் பலகையிலிருந்தே காணாமல் போனது. தண்டவாளத்தில் தண்ணீர் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். சரி, நடைமேடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதல் பாகத்தின் தொடக்கத்தை மறுபடி புரட்டினேன். பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃப்ரோடோ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் நடுவில் பதினேழு வருடம். படத்தில் அது நாலு நிமிடம் மாதிரிப் போய்விடும். நானும் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தேன். கிளம்பும்போது ஃப்ரோடோவுக்கு ஐம்பது வயது. பதினேழு வயதில் படித்தபோது அவனை என் வயதுப் பையனாக நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மோதிரம் வைத்திருந்தால் மூப்புத் தெரியாது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பதினேழு வருடம் அவன் என்ன செய்தான் என்று எழுதியிருக்கிற பக்கம் இருக்கிறதே, தனியாகக் காட்டில் சுற்றுவதும், மலைகளைக் கனவில் காண்பதும், வரைபடங்களின் ஓரத்தில் இருக்கும் வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும், கிளம்ப வேண்டும் என்று நினைத்துக் கிளம்பாமல் இருப்பதும். எனக்கு இப்போது நாற்பத்துமூன்று. அந்தப் பக்கத்தை இன்று மூன்று தடவை படித்தேன்.

செப்டம்பர் 23, திங்கள், ஆக்ஸ்ஃபோர்டு

விடாத மழை. வாங்கிய குடை முதல் காற்றிலேயே மேல்நோக்கித் திரும்பிவிட்டது.

நார்த்மூர் சாலை 20-ஆம் எண் வீடு. 1930 முதல் 1947 வரை இங்கே இருந்தார் என்று நீல வட்டப் பலகை சொல்கிறது. இப்போது வேறு யாரோ குடியிருக்கும் தனியார் வீடு. எதிர் நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி நடந்து, மறுபடி திரும்பி வந்து பார்த்தேன். கோடையில் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வுத்தாளைக் கூலிக்குத் திருத்திக்கொண்டிருந்தார் மனிதர். நாலு பிள்ளைகள், சம்பளம் போதவில்லை. ஒரு மாணவன் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருந்தான். அந்தப் பக்கத்தில்தான் தரைக்குள் பொந்து ஒன்றில் ஹாபிட் ஒன்று வாழ்ந்தது என்ற வாக்கியத்தை எழுதினார். ஹாபிட் என்றால் என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. விடை தெரியாமல் அந்தப் பக்கத்தை விட்டுவைத்த மாணவன் யாரோ, அவனுக்கும் ஒரு பலகை வைத்திருக்கலாம்.

உல்வர்கோட் கல்லறைத் தோட்டத்துக்குப் பேருந்தில் போனேன். உள்ளே வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. சாம்பல் நிறக் கல், கணவன் மனைவி இருவருக்கும் ஒன்றே. ஈடித்தின் பெயருக்குக் கீழே லூத்தியன், 1889–1971. அவர் பெயருக்குக் கீழே பெரன், 1892–1973. மேலே செடி. யாரோ வைத்துவிட்டுப் போன மோதிரம் ஒன்று, மழையில் கரைந்த கடிதம் ஒன்று.

பெரனும் லூத்தியனும் யார் என்பது முதல் பாகத்தில், குன்றின் மேல் இருட்டில், ஹாபிட்டுகளுக்கு வழித்துணையாக வரும் ஆரகார்ன் பாடும் பாட்டில் வருகிறது. சாகிற மனிதன் ஒருவன், அவனுக்காகச் சாவை ஏற்றுக்கொண்ட எல்ஃப் குலப் பெண் ஒருத்தி. ஃப்ரோடோவைத் துரத்தும் கருப்பு வீரர்கள் நெருங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் என்ன பாட்டு என்று நான் மூன்று வாசிப்பிலும் அந்தப் பக்கத்தைத் தள்ளியிருக்கிறேன். தள்ளினேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். திருவல்லிக்கேணிப் பிரதியில் அந்த இரண்டு தாளும் மேல் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டியே இருக்கின்றன. இன்று கல்லறைப் பக்கத்து மரத்தடியில் அறைச் சாவியால் அதைக் கீறிப் பிரித்தேன். காகிதம் கொஞ்சம் கிழிந்தது.

முதல் உலகப் போரிலிருந்து காய்ச்சலோடு திரும்பியிருந்த நாட்களில், யார்க்‌ஷயரில் ஒரு காட்டு வெளியில் வெள்ளைப் பூக்களுக்கு நடுவே ஈடித் அவருக்காக ஆடினார். அந்தக் காட்சிதான் இந்தப் பாட்டு. ஐம்பத்துநாலு வருடம் கழித்து மனைவி இறந்ததும் அந்தப் பெயரைக் கல்லில் போடச் சொன்னார். இரண்டே வருடத்தில் அவர் பெயரும் கீழே சேர்ந்துகொண்டது.

பாட்டைச் சத்தமாக வாசிக்கலாம் என்று நினைத்தேன். யாரோ குடையோடு வந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய், ஆக்ஸ்ஃபோர்டு

செவ்வாய்க்கிழமை காலைகளில்தான் டோல்கீனும் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸும் நண்பர்களும் ஈகிள் அண்ட் சைல்டு மதுக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். நானும் செவ்வாய்க்கிழமை காலையில் போய் நின்றேன். கடை 2020-இல் மூடியது, இன்னும் திறக்கவில்லை. தூசி படிந்த சன்னல் வழியே ஒன்றும் தெரியவில்லை. என்னைப் போலவே இன்னும் இரண்டு பேர் கையைக் குவித்துக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் சிரித்துக்கொண்டு கலைந்தோம்.

தாவரவியல் தோட்டத்துக்குப் போனது ஒரு மரம் இல்லாததைப் பார்க்க. அங்கே ஒரு கருப்பு பைன் இருந்தது. டோல்கீனுக்குப் பிரியமான மரம். 1973 ஆகஸ்டில், இறப்பதற்குச் சில வாரம் முன்னால், அவர் பேரன் எடுத்த கடைசிப் படத்தில் அந்த மரத்தில் கை வைத்துச் சாய்ந்து நிற்கிறார். 2014-இல் பெரிய கிளைகள் முறிந்து விழுந்தன. ஆபத்து என்று மரத்தையே வெட்டிவிட்டார்கள். அந்தப் படத்தைச் செல்பேசியில் வைத்துக்கொண்டு இடத்தைத் தேடினேன். ஒருவரிடம் கேட்டுத்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் மழை விட்டிருந்தது. பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, நான் தாண்டிப் போன அந்த அத்தியாயத்தைப் படித்தேன். நடுவில் இருக்கும் சில நூறு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இங்கே தாவியது ஒழுங்கான வாசிப்பு இல்லைதான். இரண்டாம் பாகத்தில் தொடங்கியவனுக்கு இதெல்லாம் ஒரு பிழையா?

சாம் எத்தனையோ கொடுமையைப் பார்த்திருக்கிறான். சிலந்தியின் குகை, எரிமலை, பசி, தாகம். ஊர் திரும்பி, பில்போவின் விருந்து நடந்த திடலில் அந்த மரம் வெட்டிக் கிடப்பதைப் பார்த்ததும்தான் உடைந்து அழுகிறான். பதினேழு வயதில் இந்த வரி என் கண்ணில் பட்டதாகவே ஞாபகம் இல்லை. அப்புறம் அவன் எல்ஃபு ராணி கொடுத்த பெட்டியிலிருந்த ஒரே ஒரு விதையை அதே இடத்தில் நடுகிறான். அடுத்த வசந்தத்தில் அது முளைக்கிறது. வேறு ஜாதி மரம், பழைய மரம் இல்லை. அதற்குப் பிறகு ஷயரில் பிறந்த பிள்ளைகளுக்கு அதுதான் திடலின் மரமாக இருந்திருக்கும். இது நாவலில் இல்லை, நானாகச் சொல்கிறேன். ஹால் க்ரீனில் அந்த வாத்துகளுக்கெல்லாம் சின்னவள் பெயர் வைத்திருக்கிறாள்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது மறுபடி தூறல். ஃப்ரோடோ கப்பலேறிப் போய்விடுகிறான். சாம் வீட்டுக்கு வருகிறான். விளக்கு எரிகிறது, சாப்பாடு தயார், மனைவி குழந்தையை அவன் மடியில் வைக்கிறாள். திரும்பி வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நண்பனின் அண்ணன் அந்தப் பக்கத்தின் கீழே பென்சிலில் தேதி போட்டிருக்கிறார், 14-6-91. இருபத்தாறு வருடமாக என்னிடம் இருக்கும் புத்தகத்தில் இதை இன்றுதான் பார்க்கிறேன்.

விடுதிக்கு வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. சின்னவள். ‘தி ஹாபிட்’ முடித்துவிட்டாளாம்.

“மாமா! டிராகன் செத்து, சண்டை முடிஞ்சு, அவன் வீட்டுக்கு வந்தா, அவன் செத்துட்டான்னு சொல்லிச் சாமானெல்லாம் ஏலம் போட்டுட்டு இருக்காங்க! எல்லாத்தையும் அவனே காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கு. அதுலயும் வெள்ளி ஸ்பூன்லாம் கிடைக்கவே இல்லையாம். அந்தச் சொந்தக்காரங்கதான் எடுத்திருப்பாங்க. அடுத்த புக்ல அவங்களப் பிடிச்சாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”